பாகுபாட்டைத் தட்டிக் கேட்கும் இளையோருக்கு வழிமுறையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓர் இனத்தவரையோ மதத்தவரையோ இழிவுபடுத்திய சம்பவம் ஒன்று செய்தியாகும் ஒவ்வொரு முறையும் நல்லிணக்கத்தை வலியுறுத்தும் தலையங்கங்களும் அறிக்கைகளும் எங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. அவை வரத்தான் வேண்டும். ஆனால் கொழும்பில் டியூஷனுக்கும் வேலைக்கும் பஸ்ஸில் போய்வரும் 18, 20 வயதுப் பிள்ளைகள் கேட்பது வேறு: "அந்த இடத்தில, அந்த நிமிசத்தில நான் என்ன செய்யிறது?" இதற்குப் பெரும்பாலும் வீட்டிலும் பதில் கிடைப்பதில்லை, பாடசாலையிலும் கிடைப்பதில்லை. "பேசாமல் வா" என்பதோடு முடிந்துவிடுகிறது.

அப்படிச் சொல்லும் பெரியவர்களைக் கோழைகள் என்று ஒதுக்க முடியாது. தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளை இந்த நகரத்தில் கடந்து வந்தவர்களுக்கு வாயை மூடிக்கொண்டதுதான் உயிரைக் காத்தது. அதை மதித்துக்கொண்டே, இன்றைய பிள்ளைகளுக்கு வேறு சிலவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யக் கூடாது, எங்கே எழுதுவது, எத்தனை நாளுக்குள் எழுதுவது என்பதுதான் தெரியாமல் இருக்கிறது. கொழும்பில் இளையோருக்கான பயிற்சிகளை நடத்துகிறவர்கள் என்ற முறையில், அங்கே சொல்லிக் கொடுப்பதை உங்கள் வாசகர்களுக்கும் எழுதுகிறோம்.

பஸ்ஸிலிருந்து தொடங்கலாம். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பாணந்துறை–புறக்கோட்டை பஸ். காலை நெரிசல். மிச்சக்காசைத் தமிழில் கேட்ட முதியவர் ஒருவரை நடத்துநர் ஏளனமாகப் பேசுகிறார், அல்லது அபாயா அணிந்த பெண்ணொருவரைப் பார்த்துப் பின்னாலிருக்கும் ஒருவர் எதையோ சொல்கிறார். இளைஞர்களுக்கு உடனே வரும் உந்துதல் பேசியவரோடு மோதுவதுதான். அங்கேதான் காரியம் கெடுகிறது. இரண்டு நிமிடத்தில் அது தமிழ்–சிங்களச் சண்டையாகிவிடும்; பேச்சு வாங்கிய முதியவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள்; அடுத்த தரிப்பில் அவர் இறங்கிப் போயிருப்பார்.

ஆகவே முதலில் பேச்சு வாங்கியவரிடம் போங்கள். அவருக்கும் பேசுகிறவருக்கும் நடுவில் உங்கள் தோள் வருமாறு, பாதி திரும்பி நில்லுங்கள். சாதாரணமாக ஏதாவது கேளுங்கள்: "ஐயா, எங்க இறங்கப் போறீங்க? நான் பம்பலப்பிட்டியில இறங்குறன்." பெண்ணாக இருந்தால் பெண்ணொருவர் போவது நல்லது. பக்கத்து இருக்கை காலியென்றால் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். நடந்ததைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் வேண்டாம். ஏளனம் செய்கிறவருக்கு எதிராளியின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். அந்த முகம் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அவருடைய பேச்சு அடங்கிவிடும். துணிவு குறைந்த பிள்ளையும், சிங்களம் வராத பிள்ளையும் இதைச் செய்யலாம்.

அப்படியும் தொடர்ந்தால் ஒரேயொரு வாக்கியம் போதும். அதைச் சிங்களத்தில் சொல்லுங்கள். நடத்துநர் வயதில் இளையவரென்றால் "மல்லி, எஹெம கியன்ன எப்பா" (தம்பி, அப்படிச் சொல்ல வேண்டாம்), மூத்தவரென்றால் "அய்யே, ஏக்க ஹரி நே" (அண்ணா, அது சரியில்லை). விரலை நீட்டாமல், குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "உங்கட ஆக்கள் எப்பவும் இப்படித்தான்" என்று ஒரு சொல் வந்தாலும் பஸ்ஸில் இருக்கும் எல்லாச் சிங்களவரையும் அவர் பக்கம் தள்ளிவிடுவீர்கள். ஆங்கிலத்தில் சொல்வதையும் தவிர்க்கச் சொல்கிறோம். கொழும்பில் ஆங்கிலம் வசதியின் அடையாளமாகவே காதில் விழுகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் நடத்துநருக்கு, ஆங்கிலத்தில் வரும் கண்டிப்பு தன்னைத் தாழ்த்துவதாகப் படும். பேச்சு அந்தத் திசைக்குப் போய்விடும். உடைந்த சிங்களமானாலும் பரவாயில்லை, சிங்களமே மேல்.

மூன்றாவது, துணை சேர்ப்பது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார். "எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கிறீங்களே" என்று பொதுவாகச் சொன்னால் எவரும் அசையமாட்டார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நடந்ததைப் பார்த்து முகம் சுளித்த ஒரு நடுத்தர வயதுப் பெண் பெரும்பாலும் இருப்பார். அவரைப் பார்த்து, "அக்கே, ஒயத் தெக்கா நேத?" என்று கேளுங்கள். நீங்களும் பார்த்தீர்கள்தானே என்று நேரே கேட்டால், ஆம் என்று தலையாட்டாமல் இருப்பது கடினம். சிங்களப் பயணி ஒருவர் வாயைத் திறந்ததும் அது இரண்டு இனங்களின் தகராறாக இல்லாமல், தவறு செய்த ஒருவரின் விடயமாகிவிடும்.

இதற்கிடையில் உங்களோடு வந்த நண்பர் ஐந்து விபரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பஸ்ஸின் இலக்கத்தகடு, பாதை இலக்கம், நேரம், எந்தத் தரிப்புக்கு அருகில், பஸ் தனியாருடையதா இலங்கை போக்குவரத்துச் சபையினுடையதா. கடைசி விபரத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேல் மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கான முறைப்பாடு மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்குப் போக வேண்டும். மாகாணம் தாண்டி ஓடும் பஸ்ஸென்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, தொலைபேசி 1955. சிவப்பு பஸ் என்றால் போக்குவரத்துச் சபை. 100ஆம் இலக்கப் பஸ்ஸைப் பற்றி 1955இல் சொன்னால் அது உரிய இடமல்ல, அலைச்சல்தான் மிஞ்சும். அலைந்து களைத்த பிள்ளை அடுத்த முறை எழுதுவதில்லை.

கைத்தொலைபேசியில் படம் எடுப்பது பற்றி: எடுக்கலாம், ஆனால் பேசுகிறவரின் முகத்துக்கு முன்னால் தொலைபேசியை நீட்டினால் சூடு இன்னும் ஏறும். இடுப்பளவில் பிடித்துக் குரலைப் பதிவு செய்தாலே பெரும்பாலும் போதுமானது. பாதிக்கப்பட்டவரின் முகம் வேண்டாம். இறங்கியபின் அவரிடம் கேட்டு, விரும்பினால் பதிவை அவருக்கே அனுப்பிவிடுங்கள். முகநூலில் போடுவதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் போட வேண்டாம் என்றே சொல்கிறோம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, இணையப் பதிவுகளைப் பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின், பதிவிட்டவர்மீதே முறைப்பாடு திரும்பி வரக்கூடும். அந்த முதியவரும் தன் அவமானம் ஊர் முழுக்க ஓடுவதை விரும்பாமல் இருக்கலாம்.

எதுவும் செய்யாமல் விலகிப் போக வேண்டிய நேரங்களும் உண்டு. எதிரில் இருப்பவர் குடித்திருந்தால், கூட்டமாக இருந்தால், இரவு நேரத்தில் பஸ்ஸில் ஆட்கள் குறைவாக இருந்தால், நீங்கள் தனியாக இருந்தால், வாயைத் திறக்க வேண்டாம். அந்த நேரத்தில் பாதிக்கப்பட்டவரோடு இறங்கி, வெளிச்சமுள்ள கடை வாசல்வரை கூடப் போவதே பெரிய வேலை. அடிதடியாகிவிட்டால் பொலிஸ் அவசர இலக்கம் 119.

இவை படித்தால் வருவதில்லை, வாய் பழக வேண்டும். டியூஷன் வகுப்பு முடிந்து 12 பேரளவில் இருந்தால் 90 நிமிடம் போதும். மூவர் மூவராகப் பிரியுங்கள்: ஒருவர் நடத்துநர், ஒருவர் பேச்சு வாங்குகிறவர், ஒருவர் குறுக்கிடுகிறவர். இரண்டு நிமிடம் நடித்துவிட்டு இடம் மாறுங்கள். மூவரும் மூன்று இடத்திலும் நிற்க வேண்டும். பேச்சு வாங்கும் இடத்தில் நின்று பார்த்தால்தான், பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பதன் அருமை தெரியும். குழுவில் சிங்கள நண்பர் இருந்தால் அவரையே எப்போதும் நடத்துநராக்குவதை நிறுத்துங்கள். பலர் யோசிக்காமல் செய்யும் பிழை அது. சிங்கள வாக்கியங்களை ஒவ்வொருவரும் உரத்து பத்துத் தடவை சொல்லட்டும். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, பழகிய நாக்குத்தான் வேலை செய்யும்.

அடுத்தது அரச அலுவலகங்கள். இங்கே சட்டம் எங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. 1988இல் 16ஆம் திருத்தம் அதை இன்னும் விரித்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் எவரும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம். தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் பெறும் உரிமை உண்டு. தனக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழில் அல்லது தமிழ் மொழிபெயர்ப்போடு கேட்டுப் பெறலாம்.

கருமபீடத்தில் நடப்பது வேறு. "தமிழ் தெரிந்தவர் லீவு" என்பார்கள். அங்கே நிற்கும் எங்கள் பிள்ளை, இரண்டு மொழியும் தெரிந்தது, முன்னால் தடுமாறும் முதியவருக்கு மொழிபெயர்த்து உதவும். நல்ல மனதுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு பிள்ளை இலவசமாக மொழிபெயர்த்துக் கொடுத்தால், அந்த அலுவலகத்துக்குத் தமிழ் உத்தியோகத்தர் தேவை என்பதற்கு எந்தப் பதிவும் இராது. அதனால் உதவியை நிறுத்த வேண்டியதில்லை. முதியவரின் வேலையை அன்றே முடித்துக் கொடுங்கள். வெளியே வருமுன் முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கேட்டு, தமிழில் நான்கு வரி எழுதுங்கள்: திகதி, நேரம், கருமபீட இலக்கம், "தமிழில் சேவை கிடைக்கவில்லை, வரிசையில் நின்ற ஒருவர் மொழிபெயர்த்தார்". புத்தகம் இல்லையென்றால் அதே வரிகளைக் கடிதமாக எழுதி, பிரதியொன்றில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் மட்டும் ஒழுங்கு மாறும்: சிகிச்சை முடியட்டும், மற்றதெல்லாம் பிறகு.

பதில் வராவிட்டால், அல்லது சிங்களத்தில் வந்தால், கடிதப் பிரதியோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, அலுவலகம் இராஜகிரியவில். இன்னொரு கருவியும் உண்டு, இளையோர் அதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். குறித்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம். கேள்விகள் மூன்றே போதும். பொதுமக்களோடு நேரடியாகப் பழகும் உத்தியோகத்தர் எத்தனை பேர்? அவர்களில் தமிழ்மொழித் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர்? இங்கு வழங்கப்படும் படிவங்களில் தமிழில் கிடைக்காதவை எவை? ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எண்ணிக்கை எழுத்தில் வந்துவிட்டால், அடுத்த கடிதத்துக்கு அதுவே ஆதாரம்.

பொலிஸ் நிலையத்தில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், அது உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கப்பட வேண்டும், அதில் திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு இடம் உண்டு. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அப்படித்தான் சொல்கிறது. விளங்காததில் கையொப்பமிட்டுவிட்டு, பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் எடுபடாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வரக் கூடாது.

இனி, பெரும்பாலான நியாயங்கள் தோற்றுப்போகும் இடம்: நாட்கணக்கு. அரச நிறுவனமோ அரச அலுவலரோ இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் காரணமாகப் பாகுபாடு காட்டினால் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மீறல். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். ஒரு மாதம் என்பது வழக்கறிஞர் தேடவும் பணம் புரட்டவும் வீட்டாரைச் சம்மதிக்க வைக்கவும் போதாது. அதற்கு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தலைமையகம் கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில். தொலைபேசி 1996. கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் முறையிடலாம். பயந்து நிற்கும் தோழிக்காக நீங்கள் எழுதலாம் என்பதுதான் இதன் பொருள். அவருடைய சம்மதத்தை மட்டும் முதலில் கேளுங்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கான ஆதாரத்தை நீதிமன்றம் எதிர்பார்க்கும், ஆகவே ஆணைக்குழு தரும் இலக்கத்தையும் கடிதங்களையும் ஒரு கோவையில் வைத்திருங்கள்.

முறைப்பாட்டை எப்படி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சிகளுக்கு வரும் முதல் வரைவுகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் இருக்கும்: "அந்த உத்தியோகத்தர் இனத்துவேச மனப்பான்மையோடு மிகக் கேவலமாக நடத்தினார்." எழுதியவரின் வேதனை அதில் இருக்கிறது, விசாரிப்பவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை 10.20 மணிக்கு 3ஆம் கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர், 'தெமளென் பே, சிங்ஹலென் கத்தா கரன்ன' என்று சொல்லி என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். எனக்கு முன்னால் நின்ற மூவருக்கும் சிங்களத்தில் சேவை வழங்கப்பட்டது." (அந்தச் சிங்களச் சொற்களின் பொருள்: தமிழில் முடியாது, சிங்களத்தில் பேசுங்கள்.) சொன்ன சொற்களைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். மொழிபெயர்த்துத் தணிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அன்றிரவே எழுதிவிடுங்கள், மூன்று நாள் போனால் சொற்கள் மாறிவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கடைசிப் பந்தியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும், தமிழில் பதில் வேண்டும், அந்தக் கருமபீடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், எதைச் செய்தாலும் தகுந்த நடவடிக்கையாகிவிடும்.

வேகமும் ஆதாரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பிலேயே உதாரணம் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 300இற்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அரசசார்பற்ற அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே இடைக்காலத் தடையுத்தரவு வந்தது. அது யுத்த காலம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்த வழிகளெல்லாம் அரசுக்கு எதிராகத்தான். தனியார் வீட்டு உரிமையாளரோ தனியார் நிறுவனமோ பாகுபாடு காட்டினால் அடிப்படை உரிமை மனு உதவாது. 1999இல் வந்த சம வாய்ப்புச் சட்டமூலம் எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது, இன்றுவரை அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. சாதி விடயத்தில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாடசாலை, உணவகம், பொது வாகனம், கோயில் போன்ற இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பதை அது குற்றமாக்குகிறது, தடுத்தவர் தனியாராக இருந்தாலும்.

சட்டம் எட்டாத இடத்தில்தான் எங்கள் சொந்த வீடுகள் இருக்கின்றன. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு நேர்மை இல்லை. பஸ்ஸில் தமிழுக்காக நிற்கும் பிள்ளை, வீட்டில் வேலை செய்யும் மலையகப் பெண்ணுக்கு வேறு கோப்பை வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கக் கூடாது. கொழும்புத் தொடர்மாடிகளில் இன்னும் அந்தக் கோப்பை இருக்கிறது: குசினித் தட்டின் ஓரத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளி, விளிம்பு உடைந்தது. மலையகத்தவரைப் பற்றிய "தோட்டக்காட்டான்" என்ற சொல்லும், முஸ்லிம்களைப் பற்றிய "தொப்பி பிரட்டி" என்ற சொல்லும் சாப்பாட்டு மேசையில் சிரிப்போடு வருகின்றன. "ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயில்?" என்று கேட்டுச் சாதியை அளக்கும் வழக்கமும் கடல் கடந்த பிள்ளைகள்வரை போகிறது.

வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். "அவ பாவம், அவவுக்கு ஏன் வேற கோப்பை?" என்று அவர் முன்னாலேயே கத்தினால், மறுநாள் வேலை போவது அவருக்குத்தான். பேசாமல் நீங்களே தேநீர் ஊற்றுங்கள். எல்லோரும் குடிக்கும் கோப்பைகளில் ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுங்கள், உடைந்ததைக் குப்பையில் போடுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். அம்மம்மா கேட்டால், "எனக்கு இப்பிடித்தான் சரியாப் படுது, அம்மம்மா" என்று மரியாதையாகச் சொல்லலாம். விவாதத்தில் தோற்க விரும்பாத பெரியவர்கள், பழக்கம் மாறினால் மெல்ல ஒத்துப்போவார்கள். சொற்களுக்கும் இதே முறைதான். விருந்தினர் முன்னால் மாமாவைத் திருத்தினால் அவர் தன் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார். தனியாக, அன்றைக்கே, "மாமா, அந்தச் சொல்லை என் முன்னால சொல்லாதீங்கோ" என்று கேளுங்கள்.

வரலாறு தெரிந்திருப்பதும் உதவும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றிருந்த எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவசரகால விதிகளில் தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டுமே. ஆனால் தலையை மட்டும் மறைத்த பெண்களும் அலுவலக வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விதியின் வாசகத்தைத் தெரிந்த ஒருவர் வரிசையில் நின்றிருந்தால் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அப்படியொரு செய்தி குழுவுக்கு வந்தால், குழுவில் மறுக்க முன் அனுப்பியவருக்குத் தனியாக எழுதுங்கள்: "இது எங்க இருந்து வந்தது, பெரியப்பா?" பெரும்பாலும் அவருக்கே தெரியாது, பல சமயம் அவரே அழித்துவிடுவார். பத்து நிமிடத்தில் அழிக்காவிட்டால் குழுவில் ஒரு வரி: "இது பொய், இதை அனுப்ப வேண்டாம்." மறுப்பதற்காகக்கூட அந்தப் படத்தைத் திரும்ப அனுப்பாதீர்கள். அது இன்னொரு தடவை ஓடத்தான் வழிவகுக்கும்.

வாடகை வீடு தேடும்போது காட்டப்படும் பாகுபாட்டைக் காட்டித்தர எளிய சோதனை ஒன்று இருக்கிறது. விளம்பரத்திலுள்ள இலக்கத்துக்கு இருவர் அழைக்க வேண்டும். ஒரே தொழில், ஒரே குடும்ப அளவு, ஒரே கேள்விகள். பெயர் மட்டும் வேறு. அரை மணி நேர இடைவெளி. முஸ்லிம் பெயருக்கோ மலையக முகவரிக்கோ "வீடு போய்விட்டது" என்றும் மற்றவருக்கு "வந்து பாருங்கள்" என்றும் பதில் வந்தால், இரண்டையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். இதைக்கொண்டு வழக்குப் போட இன்று சட்டம் இல்லை. ஆனால் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவிடமும், உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரிடமும், சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கான சான்றாக வைக்கலாம்.

இந்த இடத்தில் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியர் அவர்களே. எங்கள் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களில் "இந்துக்களுக்கு மட்டும்", "சைவக் குடும்பம் விரும்பத்தக்கது" என்று வீட்டு வாடகை விளம்பரங்கள் வருகின்றன. மரக்கறி மட்டும் சமைக்க வேண்டுமென்றால் அப்படி எழுதட்டும். அது வீட்டின் ஒழுங்கு. மதத்தையும் ஊரையும் நிபந்தனையாக்கும் வரிகளை உங்கள் விளம்பரப் பகுதி ஏற்காமல் விடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, பணம் வாங்கும் கருமபீடத்தில் ஓர் உள்ளறிவித்தல் போதும். மணமக்கள் தேவைப் பகுதியில் சாதிப் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிடுவதையும் நிறுத்தலாம். வருமானம் கொஞ்சம் குறையலாம். விளம்பரதாரர் அதே விளம்பரத்தை வேறு சொற்களில் கொண்டுவரவும் பார்ப்பார். எந்தெந்தச் சொற்களை மறுப்பது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கொரு தடவை பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலைக்கு ஆள் தேவையென்றால், எங்களிடம் வரும் இளையோர் ஒரு மாத விளம்பரங்களை வாசித்துத் தொகுத்துத் தரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இளையோர் பயிற்சிகளை நடத்துவோர்,
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை
கொழும்பு